அம்மா எடுத்துச் செல்லாத துணி

கத்தோலிக்கக் குருவைப் பெற்ற தாய் கடவுளின் முன் வெறுங்கையோடு நிற்பதில்லை என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. குருப்பட்டத்தின்போது ஆயர் புதிய குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசுவார்; பூசிய கைகளை வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். எண்ணெய் ஊறிய அந்தத் துணி பின்பு தாயிடம் வந்து சேரும். அவள் இறக்கும்போது அதை அவள் கைகளில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். என்ன கொண்டுவந்தாய் என்று மேலே கேட்டால் அவள் வாய் திறக்க வேண்டியதில்லை. துணியை நீட்டினால் போதும்.

எனக்குப் பின் நெடுங்காலம் பிள்ளை இல்லாதிருந்த அம்மா, தம்பியைக் குருவாக்குவதாக நேர்ந்து பெற்றவர். திருவிவிலியத்தில் அழுது கேட்டுப் பெற்ற மகனை ஆலயத்திலேயே விட்டுவிட்டு, ஆண்டுதோறும் அவனுக்குச் சிறு அங்கி தைத்துக் கொண்டுபோகும் தாய் ஒருத்தி வருகிறாள். அவளைத் தன் உறவுக்காரியைப்போல அம்மா கதைப்பார். தம்பி குருமடத்தில் இருந்த காலத்திலேயே மருதமுனைக்குப் போய், தறி வைத்திருந்த ஒரு முஸ்லிம் அக்காவிடம், நாங்கள் ராத்தா என்று அழைப்பவரிடம், துணிக்குச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன்.

"கை கட்டவா? களவெடுத்தவனுக்கெல்லோ கையக் கட்டுவாங்க!" என்று அந்த ராத்தா சிரித்தார்.

"எங்கட மகன் சுவாமியா வரப்போறான் கா. எங்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவில நிக்கிற ஆள்."

"எங்கட லெப்பை முன்னுக்கு நிண்டு தொழுவிப்பாரு, அவ்வளவுதான். நடுவில ஆரும் இல்ல. சரி, உங்கட ஆளுக்கு நூல் அறாம நெய்து தாறன்."

அப்படியே நெய்து தந்தார். அம்மா அதைத் தகரப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

பட்டத்துக்கு முந்திய ஆண்டு தம்பி ஒரு பையோடு திரும்பி வந்தான். "எனக்குத் தேவ அழைப்பு இல்லம்மா" என்றான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் அவன் தரவில்லை. லீவில் வந்திருக்கிறான் என்று அம்மா அயலுக்குச் சொன்னார். லீவு முடியாமல் நீண்டபோது அயலும் கேட்பதை நிறுத்தியது. பங்குத் தந்தை வீட்டுக்கு வந்து, திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவருக்கும் குருத்துவத்தில் பங்கு உண்டு, பீடத்தில் நிற்பது அதில் ஒரு பணி மட்டுமே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாருக்கும் கிடைக்கிறதுக்கா சுவாமி, நான் இவன நேர்ந்து வளத்தனான்?" என்றார். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

தம்பி நாவிதன்வெளியில் இருந்த எங்கள் வயலைச் செய்யத் தொடங்கினான். சில ஆண்டுகளில் அம்மா வாதத்தில் விழுந்தார். பின்னேரம் வயலால் வந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு, நாட்டு வைத்தியரான பரிசாரியார் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயை எடுத்துக்கொண்டு தம்பி அவர் காலடியில் குந்துவான். பாதத்திலிருந்து முழங்கால் வரை உருவிவிடுவான். பிறகு கதவில் தொங்கும், உடுத்துப் பழசான சாரத்தில் கையைத் துடைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் கைத்தொலைபேசியில் பூசையைப் போட்டு, அம்மாவின் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு முழந்தாளில் நிற்பான். திரையில் யாரோ ஒருத்தியின் மகன் அப்பத்தை உயர்த்தும்போது அம்மாவின் கண்கள் நிறையும். அதைப் பிடித்திருக்கும் கையை அவர் பார்த்ததில்லை.

ஒருநாள் மருதமுனை ராத்தா நோய் பார்க்க வந்தார். தம்பி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"தாய்ட காலடியிலதான் சுவர்க்கம் எண்டு நாங்க சொல்லுற. உங்கட மகன் அங்கதானே இரிக்கார்" என்றார்.

"சுவர்க்கம் பீடத்தில இருந்திச்சு ராத்தா. இவன் அதில இருந்து இறங்கி வந்திட்டான்."

தம்பி மற்றக் காலுக்கு எண்ணெய் எடுத்தான்.

அந்நாட்களில் நான் திருவிவிலியத்தில் எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துவந்தேன். வலுவின்மை தன்னையும் சூழ்ந்திருப்பதால்தான் தவறுகிறவர்களிடம் பரிவாக இருக்கக் கூடியவர் குரு என்கிறது அது. தலைமைக் குருவென்று அது சொல்லுகிற இயேசுவோ, ஆலயப் பணிக்கு உரிய குலத்தில் பிறக்கவில்லை; மற்றவர்களின் காலைக் கழுவ இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டவர். இறங்கி வருவதுதான் குருத்துவமோ என்று எனக்குத் தோன்றியது. அதை அம்மாவிடம் சொல்லியும் பார்த்தேன்.

"அது இயேசு. இவன் உன்ட தம்பி" என்றார் அம்மா.

அவருடைய கடைசிப் பின்னேரமும் மற்றப் பின்னேரங்களைப் போலவே இருந்தது. தேய்த்து முடித்த தம்பியின் கைகளை அம்மா அன்றைக்கு மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். நாக்குத் தடுமாற, "கையத் துடை மகன்" என்றார். மகன் என்று அவர் அழைத்து வெகுகாலமாகியிருந்தது. தம்பி எழுந்து போய்ச் சாரத்தில் துடைத்தான். அவர் படுத்திருந்த கட்டிலுக்குக் கீழேதான் பெட்டி இருந்தது. எனக்கும் தம்பிக்கும் அதைத் திறந்து துணியை எடுக்கத் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியதோ, சொல்ல நாக்கு இடங்கொடுக்கவில்லையோ, இனிக் கேட்க வழியில்லை.

மறுநாள் காலையில் அவர் போய்விட்டார். சவப்பெட்டியை மூடுமுன் நான் துணியை எடுத்து வந்தேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

"வேணாம் அக்கா. அது பட்டத்து எண்ணெய்க்கு நெய்தது. அம்மாவப் பொய்யோட அனுப்பேலாது."

அம்மாவின் நம்பிக்கையை அவரளவுக்கு அவனும் சுமந்துவந்தான் என்பதை அப்போதுதான் அறிந்தேன். பிடித்த கையில் பரிசாரியாரின் எண்ணெய் மணத்தது. அம்மாவின் விரல்களில் செபமாலையை மட்டும் சுற்றினோம்.

துணி மடிப்புக் கலையாமல் தகரப் பெட்டியில் இருக்கிறது. பின்னேரம் வயலால் வந்து கால் கழுவிய பிறகு, தம்பி சற்று நேரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டிலின் காலடியில் இருப்பான். நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். வீட்டில் இப்போது நாங்கள் இருவரும்தான் இருக்கிறோம்.