கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே நின்றவன்

சுடலைக்கண்ணுவுக்கு ஊர் திசையன்விளைப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் அவனோடு ஒரே பிரஸ் லைனில் வேலை செய்யும் மூன்று பேரோடு வாடகை அறை. நான் ஓட்டும் கம்பெனி பஸ்ஸில்தான் ஒரகடம் ஃபேக்டரிக்கு வருவான். ஏறும்போதே வாய் ஓயாது.

இரண்டாயிரத்து மூன்றில் அது ஓய்ந்தது. அவன் நின்ற பிரஸ் மெஷினில், கை உள்ளே போனால் நின்றுவிடுகிற தடுப்பு ஒன்று உண்டு. உற்பத்தி ஏறட்டும் என்று சூப்பர்வைசர் கோதண்டராமன் அதைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார். சுடலைக்கண்ணு போய் என்ஜினீயரிடம் சொல்லிவிட்டான்.

"அவன் செத்துட்டான்னு வெச்சிக்கோங்க" என்றாராம் கோதண்டராமன், லைனில் இருந்தவர்களிடம்.

அடி இல்லை, திட்டு இல்லை. அதனால் யாருக்கும் அது கொடுமையாகத் தெரியவில்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே, அது காலி என்பதுபோல், உட்கார வருவார்கள். அறையில் மூன்று தட்டுதான் வைத்தார்கள். அவன் பேசினால் ஏதோ ஃபேன் சத்தம் என்பதுபோல் இருப்பார்கள்.

ஒரு காலை பஸ் ஸ்டாப் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். படம் அவனுடையது. படத்துக்கு நேர் கீழே அவன் நின்றிருந்தான். ஏறியவர்கள் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவனைப் பார்க்கவில்லை.

எல்லோரும் ஏறியாயிற்று. அவன் ஏறவில்லை. என் ஜன்னலுக்கு வந்து மெதுவாகக் கேட்டான்.

"அண்ணாச்சி, ஒங்க கண்ணுக்கு நான் தெரியுதேனா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை.

"தெரியாம இன்னா? ஏறு."

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

"சுடலக்கண்ணு, வாப்பா."

அவன் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தான். மறுபடி கூப்பிட்ட பிறகுதான் ஏறினான். என் பக்கத்தில், என்ஜின் மூடி மேல் உட்காரவைத்தேன்.

நோட்டீஸைக் கிழித்து எடுத்துப்போய் மேனேஜர் மேஜையில் போட்டேன். பசங்க விளையாட்டு என்றார்.

"உங்க போட்டோ ஒண்ணு குடு சார், ஒட்டிப் பாக்கலாம்" என்றேன்.

நோட்டீஸை எடுத்து மடித்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். அந்த வாரமே கோதண்டராமனை லைனிலிருந்து எடுத்தார்கள். கட்டிய கம்பியை அவிழ்த்தார்கள். ஆளை ஒதுக்கினால் வேலை போகும் என்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்கள். அவனிடம் முதலில் பேசியது இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த ஷாரோன். சாப்பிட்டாயா என்று கேட்டாளாம். இவன், வேறு யாரையோ கேட்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

இப்போது நன்றாக இருக்கிறான். வாயும் திரும்பிவிட்டது. ஆனால் ஒரு தடவை கூப்பிட்டால் இன்றைக்கும் வரமாட்டான். முதலில் பின்னால் பார்ப்பான். அதனால் ஸ்டாப் வருவதற்கு முன்பே ஜன்னலில் தலையை நீட்டி நான் கூப்பிட ஆரம்பித்துவிடுவேன்.