பெரிய கிளாக்கர் ஐயா வீடு

பதுளையில் நாங்கள் ஒரு ரயில் சங்கம் வைத்திருந்தோம் என்றால், கேட்பவர்கள் தொழிற்சங்கம் என்றுதான் நினைப்பார்கள். அந்த மாதிரிப் பெரிய விஷயமெல்லாம் இல்லை. வீட்டு முற்றத்தில், ரோசாப் பாத்திக்கு நடுவில், சின்ன ரயில் ஓட்டுகிற சங்கம். வளர்ந்த ஆம்பிளைகள், பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது, புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு ரயில் வருவதைப் பார்த்துக் கைதட்டுவோம். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை. நான் ரொம்பக் கேவலமாக நடந்துகொண்ட நாளும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்தான் ஆரம்பித்து வைத்தவர். சிங்களவர், தமிழைக் கலந்து கட்டிப் பேசுவார். லண்டனில் இருந்த மகள் அவருக்கு ஒரு எஞ்சினும் ஆறு பெட்டியும் அனுப்பியிருந்தாள். எஞ்சின் என் முழங்கை நீளம், பாட்டரியில் ஓடும். மனிதர் சும்மா இருப்பாரா? முற்றத்துச் சரிவில் கல் அடுக்கி, கொய்யா மரத்தைச் சுற்றி, தெமோதரையில் பாதை தன்னையே சுற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு அடியில் போகுமே, அதையும் விடாமல் தண்டவாளம் போட்டுவிட்டார். போயாவுக்குப் போயா, அதாவது பௌர்ணமி லீவு தோறும், பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். போயா என்பதால் அவர் மனைவி இறைச்சி வைக்காமல் மரக்கறி வைத்து மடித்துத்தான் பற்றிஸ் சுடுவார். ரயில் ஓடுவதற்கு முன் ஒருவர் பெயின்ட் பிரஷ்ஷோடு பாதை நெடுக உட்கார்ந்து உட்கார்ந்து இலை கூட்ட வேண்டும். ஒரு கொய்யா இலை போதும், எஞ்சின் கவிழ்ந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் நான் சேர்ந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. எஞ்சின் சக்கரம் மக்கர் பண்ணினால் சரிபார்க்கிறதும் நான்தான். அரசாங்க ஆபீசில் கிளாக்காக இருந்த முப்பது வயசுக்காரனுக்கு அது பெரிய பதவி மாதிரி இருந்தது.

சேருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். அவரவர் பிறந்த வீட்டை அவரவர் கையாலேயே சப்பாத்துப் பெட்டி அளவில் செய்து வந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வைக்கிற அன்று ரயில் அந்த வீட்டு வாசலில் நின்று போகும். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவர் செய்த வீட்டில் ஓட்டுக் கூரை, கிணறு, துலா எல்லாம் இருந்தது. "அங்க அந்த வீடு இப்ப இல்லைத் தம்பி. இஞ்ச மட்டும்தான் இருக்கு" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுக் கிணற்றுக்குள் விழுந்திருந்த இலையை விரல் நுனியால் எடுத்துப் போட்டார்.

நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. வீட்டுக்கு ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு ஒட்டுத் திண்ணை, அதில்தான் அடுப்பு. நாலாவது கதவு எங்களுடையது. அதைச் செய்யத்தான் பலகை வாங்கினேன், பொய் சொல்லவில்லை. நீளமாக அறுத்து, பென்சிலால் பத்துக் கதவும் வரைந்துவிட்டேன். வரைந்துவிட்டுப் பார்த்தவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி, டொக்டர் மனைவி எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். "இதில் உங்கள் வீடு எது?" என்று கேட்பார்கள். நான் ஒரு கதவைக் காட்ட வேண்டும்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. தோட்டத்து ஆட்களைப் பற்றி யாரும் அங்கே இளக்காரமாகப் பேசியதும் கிடையாது. பேசியிருந்தால் அவர்கள் தலையில் பழியைப் போட்டுத் தப்பித்திருப்பேன். எல்லாம் நானாகவே வரவழைத்துக்கொண்டது. பலகையை இரண்டாக அறுத்தேன். எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் வீட்டைச் செய்தேன்.

சிவப்புக் கூரை, முன்னால் மூன்று ஜன்னல், ரோசாச் செடி. ஸ்கூலுக்குப் போகிற வழியில் தினமும் ரோட்டிலிருந்து பார்த்த வீடு. உள்ளே ஒருநாளும் போனதில்லை. முன்பக்கத்தை அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தேன், ஜன்னலுக்குக் கண்ணாடிக் காகிதம்கூட ஒட்டினேன். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று வெறும் சுவராக விட்டு வெள்ளையடித்தேன். அப்பா தோட்டத்துக் கிளாக்கர் என்று சொன்னேன். அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏறியவர், செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ரயில் என் பொய்யின் வாசலில் நின்று, கூவிவிட்டுப் போனது.

சங்கம் வெளியிலும் போகும். மடக்குகிற பலகைகளில் தண்டவாளத்தைப் பொருத்தி, வீடுகளைப் பெட்டியில் அடுக்கி, டொக்டரின் வேனில் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லம், பிள்ளைகள் வார்டு, பள்ளிக்கூடம் என்று போவோம். போகிற இடத்தில் அந்த ஊர் ஆள் ஒருவர் பச்சைக் கொடி காட்டினால்தான் ரயில் புறப்படும். அது ஸ்டேஷன் மாஸ்டரின் பிடிவாதம்.

ஒரு போயாவில் டொக்டர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "மடுல்சீமைப் பக்கம் ரயிலையே காணாத பிள்ளையள் எத்தினை இருக்குதுகள். தம்பியின்ர தோட்டத்துக்கே போவமே."

கடித்த பற்றிஸைத் தட்டில் வைத்தேன். "ரோடு படுமோசம் டொக்டர், வேன் ஏறாது" என்றேன்.

"பஸ் ஏறுதுதானே? நீங்கள் வழி காட்டுங்கோ."

காய்ச்சல் என்று படுத்துவிடலாம் என்றும் பார்த்தேன். எஞ்சின் என் கையில்தான் ஓடும், அதனால் நாளைத் தள்ளிப்போடுவார்களே தவிர விடமாட்டார்கள். புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில், வீடுகளை அடுக்கும்போது என் வீட்டை மட்டும் நைசாகக் கொய்யா மரத்தடியிலேயே விட்டுவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் லிஸ்ட் வைத்திருந்தார். மனிதர் முப்பத்தைந்து வருஷம் வண்டி அனுப்பினவர், ஒன்று குறைய விடுவாரா? "ஐயையோ, இன்றைக்கு இதுதானே முக்கியம்!" என்று அதைத் தூக்கி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அந்த லயத்தில் என் அக்கா இருந்தாள். அவளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மா சாகும்போது எனக்கு இரண்டு வயசு, அவளுக்குப் பன்னிரண்டு. என்னை வளர்த்து, படிக்க வைத்து, பதுளை ஹாஸ்டலுக்குப் பெட்டி தூக்கி வந்து விட்டவள் அவள்தான். அன்றும் அதே நாலாவது கதவு, அதே கொழுந்துக் கூடை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் போய்ப் பார்ப்பேன். நாங்கள் வருவதை அவளுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. அவள் வேறெங்காவது போயிருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் வைத்த தம்பி உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பிள்ளைக் காம்பராவுக்கு முன்னால் இருந்த வெளியில் தண்டவாளத்தைப் பொருத்தினோம். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. நானும் அங்கே தொட்டிலில் கிடந்தவன்தான். தோட்டமே திரண்டு வந்துவிட்டது. நான் தலையைத் தூக்காமல் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். தூக்கியபோது அக்கா கூட்டத்தின் முன்னால் நின்றாள். தலைக்கு எண்ணெய் வைத்து, போன தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்த நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

அதே நேரம் பார்த்து டொக்டர் என் வீட்டைத் தூக்கிப் பிடித்தார். "இது ஆரின்ர வீடு தெரியுமோ? உங்கட தோட்டத்துப் பிள்ளை, இவர் பிறந்த வீடு. இவற்ற அப்பா இஞ்ச கிளாக்கரா இருந்தவர்!"

சத்தம் அடங்கிப்போனது. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் என் அப்பாவைத் தெரியும். முன்வரிசையில் ஒரு கிழவர், அப்பாவோடு ஒன்றாகக் கவ்வாத்து வெட்டினவர், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இது பெரிய கிளாக்கர் ஐயா வூடுல்ல? இவன் நம்ம..."

"ஆமாங்கய்யா!" என்று அக்கா குறுக்கே விழுந்தாள். கிழவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டொக்டரைப் பார்த்துச் சொன்னாள். "அந்த வூடுதாங்க. நான் அங்கதாங்க வேல செஞ்சேன். இவுகள இந்த இடுப்புலதான் தூக்கி வச்சிருந்தேனுங்க."

இவுக. என் மூக்கைச் சிந்திவிட்டவள், என்னை முதுகில் அறைந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், என்னை இவுக என்றாள். கிழவர் வாயை மூடிக்கொண்டார். கூட்டம் முழுக்க மூடிக்கொண்டது. ஒருத்தர் பாக்கியில்லாமல் தோட்டமே எனக்காகப் பொய்யில் கூட்டுச் சேர்ந்தது.

டொக்டருக்கு ஒரே சந்தோஷம். "அட! தம்பி, இவவைத் தெரியுதோ?" என்று கேட்டார்.

அப்போதும் நேரம் இருந்தது. இவ என் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. டொக்டர் என்னைக் கட்டிப்பிடித்திருப்பார். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் சொன்னது இதுதான்: "தெரியும் டொக்டர். எங்க வீட்டுல வேலை செஞ்சவங்க."

"அப்ப இவதான் கொடி காட்டோணும்" என்றார் டொக்டர். கொடியை நான்தான் அவளிடம் கொடுக்க வேண்டியிருந்தது. துரைமாரிடம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியை அசைத்தாள், ரயில் புறப்பட்டது, பிள்ளைகள் போட்ட கூச்சலில் காதே அடைத்தது. இரண்டு சுற்று ஓடி மூன்றாவது சுற்றில் அந்தச் சிவப்புக் கூரைக்கு முன்னால் நின்றது. நான் எஞ்சினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது வேனில் டொக்டர் சொன்னார்: "வேலைக்கு நிண்ட மனுசி எண்டாலும் உங்களில எவ்வளவு பாசம் பாருங்கோ." நான் ம் என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் மடியில் அந்த வீடு குலுங்கிக்கொண்டே வந்தது.

அவள் சொன்னதில் ஒரு விஷயம் உண்மை. அம்மா செத்த மாதமே அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். கொழுந்து எடுக்கப் பேர் பதிகிற வயசு வரும்வரைக்கும் அங்கேதான் பாத்திரம் கழுவினாள், துணி துவைத்தாள். என் முதல் சிலேட்டு அந்த வீட்டுப் பிள்ளை பாவித்துக் கழித்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பலகையை அறுத்தபோதும் சரி, ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியபோதும் சரி, ஒரு தடவைகூட என் ஞாபகத்தில் வரவில்லை. வெட்கம் கெட்டவனுக்கு ஞாபகமும் வசதியாகத்தான் வேலை செய்யும்.

இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டு மூன்றாவது ஞாயிறு பஸ் ஏறினேன். அக்கா இஸ்தோப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் "வா தம்பி, சாப்ட்டியா?" என்றாள், எப்போதும் கேட்கிற மாதிரியே. தட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"ரொட்டி ஆறுது. தின்னு மொதல்ல."

"நான் சொல்லியிருக்கணும்க்கா. எல்லார் முன்னாலயும் ஒன்னைய..."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பது வயசு ஆம்பிளை, வாயில் ரொட்டியோடு தேம்பினேன். அக்கா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"நான் என்னா பொய்யா சொன்னேன்? அங்க வேல செஞ்சது நெசந்தானே. ஒன்னையத் தூக்கி வச்சிருந்ததும் நெசந்தான். நீ ஏன்டா கெடந்து அழுவுற?"

அடுத்த ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள்.

"வூட்ட நல்லாத்தான் செஞ்சிருக்க. மூணு ஜன்னலு, ரோசாச் செடி, எல்லாம் அச்சு அசலா இருந்துச்சு. நீங்க எல்லாம் டீ குடிக்கையில நான் சுத்திப் போயி பின்பக்கமும் பாத்தேன்."

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"பின்னால ஒரு கதவு இருக்கும்டா. அத மட்டும் வெக்காம உட்டுட்ட. அந்த வூட்டுல நான் போக வர இருந்த வாசலு அது ஒண்ணுதான்."