லண்டன், முப்பத்து மூன்று ஜெபமாலை தூரம்

போன வாரம் என் மகள் நர்ஸ் வேலைக்கு லண்டன் போனாள். விமானம் ஏறுவது அவளுக்கு மட்டுமில்லை, எங்கள் வீட்டுக்கே முதல் தடவை. அது எங்கே போகிறது என்று என் செல்போனில் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்திருந்தாள். சென்னையிலிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம் என்று போட்டிருந்தது. மஞ்சளாய் ஒரு குட்டி விமானம் கடல்மேல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். இந்தக் கணக்கெல்லாம் மனசில் ஒட்டாதுங்க. எனக்குத் தெரிந்த கணக்கு வேறே.

சின்ன வயசில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அப்பா வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸ் ஒரு ஜெபமாலை தூரம். அப்பாவுக்கு ஷிஃப்ட் முடிந்து சங்கு ஊதியதும் அம்மா மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜெபமாலை முழுக்கச் சொல்லி, கடைசி மணியை மட்டும் சொல்லாமல் விரலில் பிடித்துக்கொண்டிருப்பார். கேட் கிறீச்சிட்டு, அப்பா சட்டையின் கரித்தூள் வாசனை உள்ளே வந்த பிறகுதான் அந்தக் கடைசி "அருள் நிறை மரியே". அப்புறம்தான் சோறு. எந்தச் சாமியாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அம்மாவாக வைத்துக்கொண்ட முறை.

ஒரு மழை நாள். சங்கு ஊதி வெகுநேரமாகியும் அப்பா வரவில்லை. அம்மா கடைசி மணியைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. பக்தியெல்லாம் எனக்கு வயிற்றுக்கு அடுத்துதான். அந்தக் கடைசி மந்திரத்தை நானே சத்தமாகச் சொல்லி ஆமென் போட்டுவிட்டேன்.

"அடிப்பாவி, அப்பா இன்னும் வூடு வந்து சேரலடி. அதுக்குள்ள முடிச்சிட்டியே!"

அடிக்கவில்லை. ஆனால் அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்த்தார். அதைப் பார்த்துத்தான் பயந்தேன். அப்பா வரும் வழியை நானே அடைத்துவிட்டேன் என்று வாசலில் போய் நனைந்துகொண்டே அழுதேன்.

கேட் கிறீச்சிட்டது.

"சைக்கிள் டயர்ல ஆணி குத்திடுச்சி. மைன்ஸ்லேருந்து தள்ளிக்கினே வரேன். நீ இன்னாத்துக்கு மழையில நின்னுக்கினு அழுவுற?"

"சோத்துக்குதாங்க" என்றார் உள்ளேயிருந்து அம்மா. "மாதாவையே அவசரப்படுத்துறா உங்க பொண்ணு."

ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிஷம் வைத்தால் லண்டன் முப்பத்து மூன்று. ஆண்டவர் பூமியில் இருந்த வயசு! அதிலேயே எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. விமானம் கிளம்பிய விடிகாலையிலேயே ஆரம்பித்தேன். நடுவில் எத்தனையாவதிலோ கண் அசந்துவிட்டது. மேகத்தின் மேல் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். கேரியரில் என் மகள், சூட்கேஸை மடியில் வைத்துக்கொண்டு. விழித்தபோது விட்ட இடம் தெரியவில்லை. மாதா எண்ணியிருப்பாள் என்று தொடர்ந்தேன்.

சாயங்காலம் போனில் விமானம் நின்றது. கடைசி மணியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"எறங்கிட்டேம்மா. சாப்டியா?"

அப்புறம்தான் முடித்தேன்.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்து ஊரான வடக்குத்துக்கு வந்தோம். கிறீச்சிடும் அந்த கேட் அங்கேயே நின்றுவிட்டது. அப்பா காலமான பிறகும் அம்மா தினமும் ஜெபமாலை சொன்னார். ஆனால் கடைசி மணியில் அவர் விரல் ஒருநாளும் நிற்கவில்லை.