எடம் குடுக்கிறவர்கள்

எங்கள் பள்ளிக் கபடி அணியில் யாருக்குச் சான்றிதழ் என்பதை பி.டி. சார் முடிவு செய்யும் விதம் வேறு எந்தப் பள்ளியிலும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. போட்டிக்குப் பன்னிரண்டு பேரை அழைத்துப் போவார். ஆனால் களத்துக்குள் கால் வைத்தவன் பெயரை மட்டும்தான் சான்றிதழுக்குக் கொடுப்பார். ஆடுகிற ஏழு பேரில் யாரையும் அவராக வெளியே எடுக்கவும் மாட்டார். நாங்கள் முன்னிலையில் இருந்தால் டைம் அவுட் கேட்டு, “எவன்டா எடம் குடுக்கிறது?” என்பார். ஆடுகிறவனே கை தூக்கி, தன் இடத்தில் யார் வரலாம் என்றும் சொல்ல வேண்டும்.

அதனால் பெஞ்சில் இருக்கிறவர்கள் வருஷம் முழுக்க அந்த ஏழு பேரின் பைகளைத் தூக்குவார்கள், பன் வாங்கித் தருவார்கள். எனக்கு அது வரவில்லை. பயிற்சியில் நான் அவர்கள் கணுக்காலைப் பிடித்து இழுத்துப் போட்டதுதான் மிச்சம்.

எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் சிதம்பரத்தில் கல்லூரி கிடைக்காது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்டால் கிடைக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் தூக்கும் அப்பா, “சடுகுடு ஆடி எவன்டா ஆபீசர் ஆனான்?” என்று தினமும் கேட்பார். கேட்டுவிட்டு, என் முட்டியில் சிராய்ப்பு இருந்தால் அவரே தேங்காய் எண்ணெய் தடவுவார்.

கடைசிப் போட்டி சிதம்பரத்தில். அதோடு என் பள்ளி விளையாட்டு முடிந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து எனக்குக் கால் நிற்கவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஷூ இல்லாத காலில் லேஸ் கட்டுவதுபோல் குனிந்தேன். “பிடிடா! விடாத! கார்னர், உள்ள வா!” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

“டேய், நீ என்னா அம்பயரா? ஒக்காருடா” என்றான் பக்கத்திலிருந்தவன்.

பாதி ஆட்டத்துக்குப் பிறகு நல்ல முன்னிலை கிடைத்தது. சார் டைம் அவுட் கேட்டார். “எவன்டா எடம் குடுக்கிறது?”

ஒருவனும் கை தூக்கவில்லை. ஒருவன் முகத்தைத் துடைத்தான், ஒருவன் தண்ணீர் குடித்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அப்போதுதான் வந்து எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு ரைட் கார்னர் ஆடுகிறவன் கை தூக்கினான். கடலோரக் குப்பத்துப் பையன். பயிற்சியில் நான் அதிகம் இழுத்துப் போட்டது அவனைத்தான்.

“நான் தரேன் சார். இவன உள்ள விடுங்க. வெளில இருந்து கத்தி உயிர எடுக்கிறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடினேன்.

எதிரணி ரெய்டர் வந்தான். அவன் கால் கைக்கு எட்டுவதற்கு முன்பே பாய்ந்துவிட்டேன். என் தோளைத் தொட்டுவிட்டு அவன் பாட்டுக்குத் திரும்பிப் போனான். அவுட். எங்கள் ரெய்டர் ஒரு புள்ளி எடுத்த பிறகுதான் நான் மறுபடி உள்ளே வந்தேன். வந்து நின்றபோது பார்த்தேன், ஆள் எடுக்கிறவர்களில் ஒருவர் விரல் நீட்டி எதையோ கேட்டார். அந்த விரல், எனக்கு இடம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் இருந்தவனைக் காட்டியது. பிறகு அவர் களத்தையே பார்த்தார். களத்தில் அவன் இல்லை, நான்தான் இருந்தேன்.

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை. எதிரணி டைம் அவுட் கேட்டதும் கை தூக்கினேன்.

“என்னாடா?” என்றார் சார்.

“எடம் குடுக்கிறேன் சார்.”

“இப்பதானடா வந்த? வாடகைக்கு வந்தியா?”

“அவன் ஆடட்டும் சார்.”

சார் நடுவரிடம் போனார். அவன் உள்ளே போனதுமே ஒரு ரெய்டரைக் கணுக்காலோடு தூக்கிப் போட்டான். நாங்கள் ஜெயித்தோம். மாவட்ட அணியில் மாற்று ஆட்டக்காரனாக அவனைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “மச்சான், இனி நானும் பெஞ்சிதான். அங்க எவன் எடம் குடுப்பான்?”

“கத்து. எவனாவது குடுப்பான்” என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் முன் சீட்டில் இருந்தார், புதுச்சத்திரம் தாண்டியும் திரும்பவே இல்லை. வந்த வேகத்தில் அவுட் ஆனவன், தானாக வெளியே வந்தவன். என்னை ஆடியவன் என்று அவர் எடுத்துக்கொள்வாரா? எழுந்து போய்க் கேட்கலாமா என்று கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தேன்.

ஆலப்பாக்கம் கேட்டில் ரயிலுக்காக பஸ் நின்றது. சார் திரும்பினார்.

“டேய், உனக்கு இனிஷியல் ஒண்ணா ரெண்டா? சர்டிபிகேட்ல தப்பா அடிச்சிட்டா அப்பறம் நீதான் அலையணும்.”

“ஒண்ணுதான் சார்” என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருந்தேன்.