மீன் இல்லாத குட்டை

ஐப்பசி மழை நின்ற வாரம் செல்வி போன் செய்தாள். "குட்டையில தண்ணி நின்னுருச்சுடி. தவளைச் சத்தம் காதைப் பொளக்குது. வாரியா?" போன வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கி விலங்கியல் படித்தவர்கள். நான் மதுரையில் பள்ளி ஆசிரியை. அவள் திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கும் முத்துராசு அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள்.

மாட்டுத்தாவணியில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் எட்டரைக்குள் அருப்புக்கோட்டை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள், அதற்கப்புறம் நல்ல ஓட்டல் கிடையாது. அங்கிருந்து திருச்சுழி அரை மணி நேரம். ஊருக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். குட்டை பார்க்கப் போகிறேன் என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கம்மாயைப் பாத்தாலும் நாரை, கொக்குன்னு ஏதாச்சும் நிக்கும். குட்டையில என்னம்மா இருக்கு?"

செல்வியின் நிலத்தில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று, அண்ணன் வெட்டிய பண்ணைக்குட்டை. மழை பொய்த்தாலும் போர்வெல் தண்ணீர் விடுவதால் கோடையிலும் வற்றாது. கெண்டை வளர்க்கிறார். மீன்கொத்தி வந்து உட்காருகிறது, நீர்க்காகம் முங்குகிறது, தண்ணீர்ப்பாம்பு ஒன்று கரையோரம் தலை தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது. இன்னொன்று, வரப்புக்கு அந்தப் பக்கம் கரிசலில் தானாக விழுந்த பள்ளம். இரண்டு மாதம் தண்ணீர் நிற்கும், பிறகு வெடித்துக் கிடக்கும்.

ஆனால் குனிந்து பார்த்தால் அந்தப் பள்ளம்தான் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகைக் கொட்டியதுபோலத் தலைப்பிரட்டைகள். மல்லாந்து நீந்தும், கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு இறால்கள். இவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணுக்குள் கோடையைக் கழித்துவிட்டு மழைக்குப் பொரிபவை. மீன் இருக்கும் தண்ணீரில் இவை மிஞ்சாது. வருடம் முழுக்கத் தண்ணீர் நின்றால் மீனும் அதைத் தின்னும் பறவையும் வாழும். வற்றிப்போகும் இடத்தில் மீன் நிலைக்காததால் இவை வாழும். நடுவில் இருந்தது ஒற்றை வரப்புதான்.

மதியச் சாப்பாட்டில் அண்ணன் சொன்னார். "திங்கக்கிழமை ஜேசிபி வருது தங்கச்சி. நடு வரப்பை வெட்டி ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா வருசம் பூராத் தண்ணி. இன்னொரு பங்கு மீனு விடலாம்." செல்வி எனக்கு ரசம் ஊற்றினாள்.

பிறகு பள்ளத்தின் கரையில் உட்கார்ந்திருந்தபோது வரப்பை வெட்டுவதைப் பற்றி அவளிடம் கேட்டேன்.

"தண்ணி நிக்கிறது நல்லதுதானேங்கிறாக. அதுக்கு என்னத்தச் சொல்ல?" என்றாள். தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டே, "ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப யாரு மொகத்தையும் பாக்கப் பிடிக்கலடி. இவுகதான் தெனமும் சேரைத் தூக்கியாந்து இங்க போட்டு என்னைய உக்கார வைப்பாக. தலைப்பிரட்டைக்குக் காலு மொளைக்கிறத நாள் தவறாமப் பாத்தேன். அதுக கரையேறுன அன்னைக்குத்தான் நானும் துணையில்லாம வீடு வரைக்கும் நடந்தேன்."

"அண்ணன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னாச் சிரிப்பாக."

நாலு மணிக்கு மறுபடி மழை பிடித்தது. மேட்டு நிலத்துத் தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாகப் பண்ணைக்குட்டைக்குள் இறங்க, அரை மணி நேரத்தில் தண்ணீர் நடு வரப்பைத் தாண்ட ஒரு சாண்தான் பாக்கி. நான் குடை தேடுவதற்குள் செல்வி மம்பட்டியோடு ஓடிவிட்டாள். சேற்றை அள்ளி வரப்பின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் கையால் அள்ளிப் போட்டேன். அண்ணன் பின்னாலேயே வந்தார்.

"குனியாத செல்வி. டாக்டர் என்ன சொன்னாரு?"

"தண்ணி தாண்டுனா மீனு இங்கிட்டு வந்துருங்க. எல்லாத்தையும் தின்னுரும்."

"அதுக்கு ஏன் அழுகுற?"

மழைக்குள் நின்றபடி, என்னிடம் சொன்னதை அவரிடமும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த மம்பட்டியை வாங்கிக்கொண்டு நேராகப் பண்ணைக்குட்டையின் எதிர்க்கரைக்குப் போனார். ரோட்டோர ஓடையைப் பார்த்திருந்த கரையை நாலே வெட்டில் உடைத்துவிட்டார். தண்ணீர் அந்தப் பக்கம் பாய, கெண்டைகளும் துள்ளிக்கொண்டு போயின.

"மீனு போகுதேங்க," என்றாள் செல்வி.

"போகட்டும். மறுபடி குஞ்சு வாங்கி விட்டுக்கிருவோம்."

ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தித் துண்டால் மீன் அள்ளினார்கள். ஒருவர் எங்களுக்கும் இரண்டு கொண்டுவந்து நீட்ட, அண்ணன் முகத்தைப் பார்த்து செல்வி சிரித்துவிட்டாள். நடு வரப்பு தாங்கிவிட்டது. இருட்டும்போது பள்ளத்தில் தொடங்கிய சத்தத்தை மூவரும் நனைந்த துணியோடு நின்று கேட்டோம்.

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: மழை விழுந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் போங்கள். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். கரிசல் சேறு காலைப் பிடித்து இழுக்கும், பழைய ரப்பர் செருப்பு போதும். கொசு மருந்து தடவிய கையைத் தண்ணீரில் விடாதீர்கள். பரிதாபப்பட்டு எந்த மீனையும் அதில் விட்டுவிடாதீர்கள். கண்மாய், ஊருணி, வற்றாத குட்டை, வற்றும் பள்ளம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பாருங்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. எல்லாம் இருந்தால்தான் எல்லாம் இருக்கும்.

திங்கட்கிழமை ஜேசிபி வந்திருக்கிறது. அதை வைத்தே அண்ணன் உடைந்த கரையை அடைத்து, நடு வரப்பையும் இடுப்பளவுக்கு உயர்த்திவிட்டார். மார்கழியில் செல்வி மறுபடி போன் செய்தாள்.

"பள்ளம் வத்திருச்சுடி. அதுக எல்லாம் கரையேறிருச்சு. இவுக இப்பச் செருப்பைத் தட்டிப் பாக்காமப் போடுறதே இல்ல. உள்ள குட்டித் தவளை உக்காந்திருக்குமாம்."