மலைக்குக் கட்டிய காப்பு

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. அந்தக் கரிக்காக எங்கள் ஊர் மலையை மொட்டையடித்தோம். நாங்கள் நெசவுக்காரர்கள்தான், நூல் கிடைக்காத காலத்தில் கோடாலி எடுக்கக் கூச்சப்படவில்லை. மிச்சமிருந்த தளிரை ஆடுகள் பார்த்துக்கொண்டன. மலைச்சுனை வற்றியது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடக்கூடத் தண்ணீர் இல்லாமல் போன பிறகுதான் ஊருக்குப் புத்தி வந்தது.

கருப்பணார் கோயிலில் கூட்டம் போட்டார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊரே கட்டுப்படும் அல்லவா, அதுபோல மலைக்கும் காப்புக் கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. காப்பு இருக்கும்வரை ஆடும் கோடாலியும் மலையேறக் கூடாது. ஊர்ப் பெரியதனக்காரர் அப்புசாமி, எல்லோரையும்விடப் பெரிய ஆட்டு மந்தை வைத்திருந்தவர், "சுனையில தண்ணி ஓடற வரைக்குந்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். மலைக்குக் கை கிடையாது. ஆகவே ஊர் சார்பில் ஒருவன் மஞ்சள் கயிற்றைத் தன் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டியவன் சவரம் செய்யக் கூடாது, கறி தின்னக் கூடாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது, கோயிலில்தான் படுக்க வேண்டும்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மருதாசலமாகிய நான் எழுந்து நின்றேன். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கமலவேணி பெண்கள் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வீரம் காட்டாமல் வேறு யார் முன்னால் காட்டுவது? ஐப்பசி மழை வந்தால் சுனை ஓடிவிடும் என்று நினைத்தேன். கயிற்றை முடிச்சுப் போட்ட பிறகுதான், கோயிலில் படுக்க வேண்டும் என்ற விதி என் மூளைக்கு எட்டியது.

ஐப்பசி வந்தது, மழையும் பெய்தது. அத்தனையும் மொட்டைச் சரிவில் வழிந்து எங்கோ போய்ச் சேர்ந்தது.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அந்த நாட்களில் ஊரே மலையேறி ஓடைகளுக்குக் குறுக்கே கல் அடுக்கியது, சரிவில் குழி வெட்டியது, வேம்பும் புங்கனும் ஊன்றியது. நான் மேற்பார்வை. தாடி வளர வளர மரியாதையும் வளர்ந்தது. அழுகிற குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு திருநீறு பூசச் சொல்லி வந்தார்கள், பூசினேன். ஒரு கட்டத்தில் நானே என்னை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நம்பாதவள் ஒருத்திதான். கமலவேணி பரமத்தி வேலூர்க்காரி, வாசலில் வாய்க்கால் ஓடும் வீட்டில் பிறந்தவள். இங்கே தினமும் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடந்தாள். குடத்தோடு கோயிலைக் கடக்கும்போது, "ஏனுங்க, சாமியாருக்குத் தண்ணி வேணுங்களா?" என்று கேட்பாள். மறு வருஷமும் சுனை நனையவில்லை. அவள் அண்ணன் தண்டாயுதபாணி வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"சாமியாருக்கு நாங்க பொண்ணு குடுக்கலீங்க மாப்பிள்ளை. அடுத்த தைக்குள்ள கவுத்த அவுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போங்க. இல்லீன்னா ஒறவ அத்துக்கலாம்."

கமலவேணி ஏறிய வண்டியின் பின்னால் எல்லைக்கல் வரை நடந்தேன். அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. அங்கேயே நின்று அழுதேன். தாடிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன், ஊருக்கே தெரிந்திருக்கிறது. அடுத்த அமாவாசையில் கிழடுகள்கூட வாய் பேசாமல் கல் சுமந்தன. நானும் மேற்பார்வையை விட்டுவிட்டு மண்வெட்டி பிடித்தேன்.

அடுத்த கார்த்திகைக் கடைசியில் சுனை கசிந்தது. மார்கழியில் விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் ஓடியது. வேலூருக்கு ஆள் அனுப்பிவிட்டு, வருவாளா மாட்டாளா என்று இருப்புக்கொள்ளாமல் தவித்தேன்.

காப்பு அவிழ்க்கிற அன்று அண்ணனோடு வந்து இறங்கினாள். பூசாரி ஆண்டி கத்தியை எடுத்து, "கையை நீட்டு சாமி" என்றார். நீட்டினேன்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் கமலவேணி.

உறவை அறுத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"வார வழியில பாத்தனுங்க. ஆட்டு மந்தை மலையடியில வந்து நிக்குது. அதுக்குப் பொறத்தால கோடாலியோட நாலஞ்சு பேரு. இந்தக் கவுறு அந்துச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள தளிரு மிஞ்சாதுங்க."

இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நான் யோசித்ததெல்லாம் சவரமும் கறிக்குழம்பும் கமலவேணியும்தான்.

அப்புசாமி தொண்டையைக் கனைத்தார். "அப்ப இவன் கையிலயே இருந்துட்டுப் போகட்டும். பழகிப் போச்சுல்ல."

ஊர் தலையாட்டியது.

"அவரு கை போதுமுங்க. இனி வருசத்துக்கு ஒரு ஊடு. பெரிய மந்தை வெச்சிருக்கிறவங்க மொதல்ல கட்டிக்கறதுதானுங்க மொறை" என்றாள் அவள்.

கருப்பணார் முன்னால் மறுக்க முடியாமல் அப்புசாமி கையை நீட்டினார். கார்த்திகையில்தான் இரண்டாம் கல்யாணம் முடித்திருந்தார், பாவம். பூசாரி என் கயிற்றை அறுத்துவிட்டு, புதுக் கயிற்றை அவர் மணிக்கட்டில் கட்டினார். மந்தை வந்த வழியே திரும்பியது.

என்னைக் கும்பிட்ட ஊர் அன்றைக்கே அப்புசாமியைக் கும்பிட ஆரம்பித்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். வருத்தத்தோடு சுனைப் பக்கம் போனேன். கமலவேணி அங்கே குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். தூக்கி என் தோளில் வைத்தாள்.

"நடங்க. அண்ணன அப்பவே வண்டியத் திருப்பிக்கச் சொல்லிட்டேன்."