மேஸ்திரியின் தோலுக்கடியில் மூன்று கட்டிகள்

என் அக்காவிடம் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாருமில்லை. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். கடிக்க வரும் நாயைக்கூட, "உட்காருடா, பெரிய மனுஷன்!" என்று ஒரே அதட்டலில் அடக்கிவிடுவாள்.

என் நாய் மேஸ்திரிக்கு ஒரு பக்க மூக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. உள்ளே புற்றுநோய் என்றார் டாக்டர். நெஞ்சு எக்ஸ்ரேயில் அது பரவிய அடையாளம் இல்லாததால், மூக்கெலும்பைத் திறந்து கட்டியை எடுத்துப் பார்க்கலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தனிக்கட்டையான எனக்கு அவனை விட்டால் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆபரேஷனுக்கு முதல் நாள் குளிப்பாட்டச் சொன்னார்கள். நான் குளிப்பாட்டுவது குழாயைத் திறந்துவிடுவதோடு சரி. அதனால் அக்காவிடம் கொண்டுபோனேன். நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தவள் விலாவில் கையை நிறுத்தினாள். பிறகு தொடையில். பிறகு கழுத்தில்.

"டேய், இது எத்தனை நாளா இருக்கு?"

"கொசு கடிச்சிருக்கும்க்கா."

"கொசு தோலுக்கடியில கடலைய வச்சுட்டுப் போகுமா? வண்டிய எடு!"

டாக்டர் தடவிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டியா இருக்கும்மா. மூக்குல வர்றது தோலுக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம்."

"கொழுப்புக் கட்டின்னா கைக்கு நழுவும் சார், இது நழுவல. ஊசியில எடுத்துப் பாருங்க. பார்க்காம இங்கிருந்து நகர மாட்டேன்."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் முகம் வாடி வந்தார். மூன்று கட்டியிலும் மூக்கில் இருந்த அதே புற்றுநோய் செல்கள். இனி ஆபரேஷன் செய்தால் வேதனைதான் மிச்சம் என்றார்.

எனக்கு அக்கா மேல்தான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்னை யாரு தடவிப் பார்க்கச் சொன்னா? நாளைக்கு ஆபரேஷன் பண்ணியிருந்தா நல்லா ஆயிருப்பான்!" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன்.

"நல்லா ஆயிருக்க மாட்டான்டா. அறுத்த மூஞ்சியோட, அந்த வலியிலேயே போயிருப்பான். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கோ. இவனை அறுக்க விடமாட்டேன்."

வலி மாத்திரையோடு ஏழு வாரம் இருந்தான். மூக்கு அடைத்து வாசனை தெரியாததால் சாப்பாட்டைத் தொடவில்லை. அக்கா தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, சூடாக்கி, கையில் வைத்து ஊட்டினாள். நாலு வாய் உள்ளே போகும்வரை விடமாட்டாள்.

கடைசியில் தண்ணீரும் இறங்கவில்லை. அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போதும்க்கா. டாக்டரை வரச் சொல்லு," என்றேன்.

வலியில்லாமல் போகச் செய்யும் ஊசியை டாக்டர் போடும்போது அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். ஒரு தையல்கூட இல்லாத முகம்.